வயதா, சர்க்கரையா? மாரெட்பள்ளியிலிருந்து வந்த கண்புரைக் கேள்விகள்

இந்த முறை கண்ணைப் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லாமே செகந்தராபாத் மாரெட்பள்ளியின் கிழக்கிலும் மேற்கிலுமிருந்து வந்தவை. கேட்டவர்கள் ஓய்வூதியக்காரர்கள், அல்லது அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 71 வயது, கண் பளிச். என் மனைவிக்கு 63தான், இரண்டு கண்ணிலும் புரை. வயதானால் வருவது என்றால் எனக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், கிழக்கு மாரெட்பள்ளி)

பதில்: "அவளுக்கு இருபது வருஷமாக சுகர்" என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முதல் வரியாக வந்திருக்க வேண்டும் ஐயா.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸுக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதைச் சுற்றி இருக்கும் நீர்தான் அதற்குச் சாப்பாடு போடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த நீரிலும் ஏறும், லென்ஸுக்குள்ளும் நுழையும். உள்ளே இருக்கும் ஒரு நொதி அதை சார்பிட்டால் என்ற பொருளாக மாற்றிவிடுகிறது. சார்பிட்டாலால் எளிதில் வெளியேற முடியாது. உள்ளேயே தங்கித் தண்ணீரை இழுக்கிறது, லென்ஸின் இழைகள் உப்புகின்றன. இதுபோக, சர்க்கரை நேரடியாகவும் லென்ஸின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. தோல் உரிந்து புதிதாக வரும், முடி உதிர்ந்து முளைக்கும். லென்ஸின் நடுவே இருக்கும் புரதமோ பிறக்கும்போது வந்தது, கடைசிவரை அதேதான். பால் திரிவதுபோல் அது திரிந்து, தெளிவு போய் வெளுப்பதுதான் புரை.

அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் முதலிய ஆய்வுகளில் தெரிந்த கணக்கு இது: 65 வயதுக்கு உட்பட்டவர்களில் சர்க்கரை நோய் இருந்தால் புரை மூன்று, நான்கு மடங்கு அதிகம், அதற்கு மேல் இரண்டு மடங்கு வரை. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி பேர். அறுபதைத் தாண்டிய பிறகு கேட்க வேண்டிய "புரை இருக்கிறதா?" என்ற கேள்வியை நம் வீடுகளில் ஐம்பதிலேயே கேட்கத் தொடங்க வேண்டும்.

கேள்வி: சுகரை நன்றாகக் கட்டுப்படுத்தினால் வந்த புரை போய்விடுமா?

பதில்: போகாது. ஆனால் மற்ற கண்ணில் வருவது தாமதமாகலாம். அதைவிட முக்கியம், புரைக்குப் பின்னால் இருக்கும் விழித்திரை பிழைக்கும். புரையை எடுத்துவிட்டு வேறு லென்ஸ் வைக்கலாம். விழித்திரைக்கு அப்படி மாற்று எதுவும் இன்றுவரை இல்லை.

கேள்வி: கொஞ்ச நாளைக்குள் இரண்டு முறை கண்ணாடி மாற்றிவிட்டேன். இரண்டும் சரியில்லை. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

பதில்: கடைக்காரரைச் சந்தேகிக்கும் முன் ரத்தத்தைச் சோதித்துவிடுங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது லென்ஸும் உப்பிச் சுருங்கும், பவரும் கூடவே மாறும். சர்க்கரை உச்சத்தில் இருக்கும் நாளில் எடுத்த கண்ணாடி, சர்க்கரை இறங்கியதும் பொருந்தாது. சில வாரம் அளவு நிலையாக இருந்த பிறகு பரிசோதித்துக் கண்ணாடி போடுங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 78. நாற்பது வருடமாகக் கண்ணாடி போட்டுப் படித்தவர், ஆறு மாதமாகக் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். "ஸ்கந்தகிரி முருகன் கண் கொடுத்தான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நிஜமாகவே பார்வை திரும்புமா? (மேற்கு மாரெட்பள்ளி)

பதில்: அம்மாவின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம், ஆனால் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். லென்ஸின் நடுப்பகுதி இறுகும் வகைப் புரையில் கிட்டப்பார்வை கூடும். அதனால் கையில் பிடித்த பேப்பர் தெளிவாகத் தெரியும், எதிரே வரும் பஸ்ஸின் எண் தெரியாது. இந்தச் சலுகை கொஞ்ச காலத்துக்குத்தான். தெருமுனையில் வருகிறவரை அடையாளம் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள், பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

கேள்வி: வயது 58. சுகர் கிடையாது. பல வருடமாக ஆஸ்துமா; இன்ஹேலரும், முற்றும்போது மாத்திரையும். வெயிலில் எஸ்.பி. ரோட்டில் நடந்தால் எல்லாம் பனிமூட்டமாக இருக்கிறது, சாயங்காலம் நன்றாகத் தெரிகிறது. டாக்டர் புரை என்கிறார். புரையென்றால் எப்போதும்தானே மறைக்க வேண்டும்?

பதில்: எங்கே படர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு வந்திருப்பது லென்ஸின் பின்புறத்தில், நடுவில் படரும் வகையாக இருக்கலாம். வெயிலில் கண்மணி சுருங்கும். வெளிச்சம் முழுவதும் நடுவில் இருக்கும் அந்தப் படலத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். சாயங்காலம் கண்மணி விரிந்துவிடுவதால் ஓரங்கள் வழியே பார்வை தப்பிக்கிறது. எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட்டும் இவர்களைப் பாடாய்ப் படுத்தும்.

இந்த வகைக்கும் ஸ்டீராய்டுக்கும் நெருங்கிய உறவு. மாத்திரையாக நீண்ட நாள் சாப்பிட்டால் வரும் என்பது பல காலமாகத் தெரியும். இழுக்கும் ஸ்டீராய்டும், அதிக அளவில் பல வருடம் எடுத்தால், ஆபத்தைக் கூட்டுகிறது என்று 1997இல் ஆஸ்திரேலியாவின் ப்ளூ மவுன்டன்ஸ் ஆய்வு காட்டியது. இதைப் படித்துவிட்டு இன்ஹேலரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். புரையை எடுக்கலாம், நின்றுபோன மூச்சை மீட்க முடியாது. அளவைக் குறைக்க முடியுமா என்று நுரையீரல் டாக்டரைக் கேளுங்கள், வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள். கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், ஸ்டீராய்டு அதையும் ஏற்றக்கூடியது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு இடத்தில். மூட்டு வலிக்கு என்று பெயரில்லாத பொட்டலத்தில் தூள் கொடுக்கிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது. அவ்வளவு வேகமாகப் பறந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். என்ன சாப்பிடுகிறோம் என்றே தெரியாமல் வருடக்கணக்கில் சாப்பிட்டு, கண்ணும் எலும்பும் சர்க்கரையும் சேர்ந்து கெடுவது பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்களுக்குத்தான்.

கேள்வி: பி.பி., கிட்னி, சிகரெட், வெயில். இதில் எது புரையைக் கொண்டுவரும்?

பதில்: சிகரெட்டும் வெயிலும் நிச்சயம். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாப் பகுதி மீனவர்களை ஆராய்ந்து, புறஊதாக் கதிர் அதிகம் பட்டவர்களுக்கு லென்ஸின் ஓரத்தில் தொடங்கும் புரை கூடுதல் என்று 1988இல் காட்டினார்கள். தொப்பி, குடை, நல்ல கூலிங் கிளாஸ் மூன்றுமே உதவும். பி.பி.யும் சிறுநீரகக் கோளாறும் புரையோடு சேர்ந்தே காணப்படுகின்றன, ஆனால் சர்க்கரை, ஸ்டீராய்டு அளவுக்கு வலுவான தொடர்பு இல்லை. நம் ஊரில் இவை தனித்தனியாகவும் வருவதில்லை: ஒரே ஆளுக்கு மூன்று நோய், ஏழு மாத்திரை.

கேள்வி: "இன்னும் முத்தவில்லை, முத்தட்டும்" என்று பக்கத்து வீட்டு மாமா சொல்கிறார். அவருக்கு அப்படித்தான் செய்தார்களாம்.

பதில்: மாமாவுக்குச் செய்த காலத்தில் அது சரி. அப்போது லென்ஸை முழுசாக வெளியே எடுத்தார்கள், பதிலுக்கு உள்ளே எதுவும் வைக்கவில்லை. கனத்த சோடாபுட்டிக் கண்ணாடிதான் வாழ்நாள் துணை. அந்தப் பார்வைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன், இருக்கும் பார்வை அதைவிட மோசமாகும் வரை காத்திருப்பதில் நியாயம் இருந்தது.

இன்று கணக்கு வேறு. உங்கள் அன்றாட வேலைக்குப் புரை இடைஞ்சலாகிவிட்டதா என்பதுதான் கேள்வி. படிக்க முடியவில்லை, படி இறங்கப் பயம், பால் பொங்குவது தெரியவில்லை என்றால் நேரம் வந்துவிட்டது. முத்தவிட்டால் லென்ஸ் கல்லாக இறுகும், அறுவை கடினமாகும். சிலருக்கு அது உப்பிக் கண் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றும், சிலருக்குக் கசிந்து அழற்சி உண்டாக்கும். தாங்க முடியாத வலியோடு நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள் காத்திருக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம்: புரை அடர்ந்துவிட்டால் டாக்டராலேயே விழித்திரையைப் பார்க்க முடியாது. அங்கே ரத்தக் கசிவு இருந்தாலும் தெரியாமல் வளரும்.

கேள்வி: என் சுகர் அளவைப் பார்த்துவிட்டு ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். பத்து நாள் சோற்றையே நிறுத்திக் குறைத்துவிட்டுப் போய் நிற்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பட்டினியோடு மாத்திரையும் போட்டால் சர்க்கரை மயக்கம் போடும் அளவுக்கு இறங்கும். பல மாதம் ஏறிக் கிடந்த சர்க்கரையை ஒரேயடியாக இறக்கினால், ஏற்கெனவே பழுதான விழித்திரை சிலருக்குத் தற்காலிகமாக இன்னும் மோசமாவதும் உண்டு. தள்ளிவைத்தது உங்கள் நன்மைக்குத்தான்: சர்க்கரை ஏறியிருந்தால் கிருமித் தொற்று, காயம் ஆறாமை, அறுவைக்குப் பின் விழித்திரை நடுவில் வீக்கம் ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம். சர்க்கரை டாக்டரோடு பேசிப் படிப்படியாகக் குறையுங்கள். அந்த இடைவெளியில் விழித்திரைப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். அங்கே சிகிச்சை தேவைப்பட்டால் பெரும்பாலும் அதைத்தான் முதலில் செய்வார்கள்.

கேள்வி: கண் ஆபரேஷனுக்குப் போனால், "ப்ராஸ்டேட்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். கண் எங்கே, ப்ராஸ்டேட் எங்கே? (வயது 74)

பதில்: கேட்டவருக்கு நன்றி சொல்லுங்கள், சரியான ஆளிடம் போயிருக்கிறீர்கள். டாம்சுலோசின் போன்ற மாத்திரைகள் ப்ராஸ்டேட் தசையைத் தளர்த்துவதுபோலவே கண்ணில் ஐரிஸின் தசையையும் தளர்த்துகின்றன. அறுவையின்போது கண்மணி விரிந்து நிற்காமல் சுருங்கும், ஐரிஸ் துவண்டு வெட்டுவாய்ப் பக்கம் வரும். 2005இல் அமெரிக்க மருத்துவர்கள் இதைக் கண்டறிந்து சொன்னார்கள். முன்கூட்டியே தெரிந்தால் சர்ஜன் அதற்குத் தயாராக இருப்பார், ஆபத்து வெகுவாகக் குறையும். மாத்திரையை எப்போதோ நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள், அதன் விளைவு நீடிக்கும்.

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை விஷயத்திலும் இதே மாதிரி: டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சாதாரணப் புரை அறுவைக்குப் பல நேரம் நிறுத்தவே தேவைப்படாது, இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். மாத்திரைப் பையை அப்படியே கொண்டுபோய் மேஜைமேல் கொட்டுங்கள்.

கேள்வி: புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து இருக்கிறதாமே? தேன் விட்டாலும் போகுமாமே?

பதில்: கரைக்கும் சொட்டு மருந்து உலகில் எங்கும் நிரூபிக்கப்படவில்லை. தேன் தோசைக்கு நல்லது, கண்ணுக்கு வேண்டாம். சுத்தம் செய்யாத எதை விட்டாலும் கருவிழியில் புண் வரலாம். புரைக்கு மருத்துவம் இருக்கிறது, கருவிழித் தழும்புக்கு மாற்றுக் கருவிழி தேடி அலைய வேண்டும்.

கேள்வி: லேசர் ஆபரேஷன் நல்லதா, சாதாரண ஆபரேஷன் நல்லதா?

பதில்: எல்லோரும் லேசர் என்று சொல்லும் ஃபேக்கோ முறையில் வேலை செய்வது கேளா ஒலி. 1960களில் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன், பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, பல்லைச் சுத்தம் செய்த அதிரும் கருவியைப் பார்த்து யோசனை பிறந்து, 1967இல் முதல்முறையாகச் செய்தார். நிஜ லேசர் சேர்ந்த முறையும் உண்டு, செலவு அதிகம். தையலில்லாத சிறு வெட்டு முறையும் குறைந்ததல்ல: நேபாளத்தில் சாந்துக் ரூயித் குழுவினர் இதையும் ஃபேக்கோவையும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்குப் பின் இரண்டிலும் பார்வை ஏறத்தாழ ஒன்றே. முத்திய புரைக்கு இது நல்ல வழி. கருவியின் பெயரைவிடக் கையின் பழக்கம் முக்கியம்.

கேள்வி: பெண் அமெரிக்காவிலிருந்து "இருப்பதிலேயே விலை உயர்ந்த லென்ஸ் போட்டுக்கொள்" என்கிறாள். எனக்கு சுகரால் விழித்திரையில் கொஞ்சம் பாதிப்பு உண்டு.

பதில்: மகளின் அன்புக்கு வணக்கம், விலைப் பட்டியலுக்கு வேண்டாம். தூரமும் பக்கமும் ஒரே லென்ஸில் தெரியும் மல்டிஃபோகல், வரும் வெளிச்சத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. விழித்திரை பழுதானவர்களுக்கு அந்தப் பங்கீடு கட்டாது, மங்கல்தான் மிஞ்சும். உங்களுக்குப் பெரும்பாலும் ஒரே தூரத்துக்கான சாதாரண லென்ஸும் படிக்க ஒரு கண்ணாடியும்தான் சரி.

கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம் என்று துணிந்தவர் லண்டனின் ஹாரல்ட் ரிட்லி. போர் விமானிகளின் கண்ணில் பாய்ந்த விமான மூடியின் பிளாஸ்டிக் சில்லு உடம்போடு சண்டை போடாமல் கிடந்ததைக் கவனித்து, 1949 நவம்பரில் முதல் லென்ஸை வைத்தார். வெகுகாலம் இது நமக்கு எட்டாத விலையில் இருந்தது. 1992இல் மதுரை அரவிந்த் மருத்துவமனையின் ஆரோலேப் இங்கேயே செய்யத் தொடங்கிய பிறகுதான் ஏழைக்கும் கிடைத்தது. மதுரை லென்ஸ் பல நாடுகளுக்குப் போகிறது. உள்ளூர் என்று தயங்காதீர்கள்.

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் ஆபரேஷன் ஆயிற்று. மறுபடி மங்குகிறது. புரை திரும்ப வளர்ந்துவிட்டதா?

பதில்: எடுத்த புரை வளராது. லென்ஸைத் தாங்க விட்டுவைத்த மெல்லிய பை மங்கியிருக்கும். யாக் லேசரால் சில நிமிடத்தில் அதில் ஒரு வழி திறந்துவிடுவார்கள், தையல் கிடையாது. சர்க்கரை இருந்தால் மங்கலுக்கு விழித்திரையும் காரணமாகலாம், இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 86. சுகர், பி.பி., இதயத்தில் ஸ்டென்ட். இரண்டு கண்ணிலும் புரை. "இந்த வயதில் இனி எதற்கு?" என்கிறார் அண்ணன். அம்மாவுக்கும் புரை உண்டு, "எனக்கு அடுப்பு தெரிகிறது, போதும்" என்கிறாள். என்ன செய்ய?

பதில்: இருவருக்கும் செய்யுங்கள். முடிந்தால் அம்மாவுக்கு முதலில்.

உங்கள் ஊரிலேயே ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. எல்.வி. பிரசாத் கண் நிறுவனம் ஹைதராபாத்தில் 41 முதியோர் இல்லங்களில் அறுபது தாண்டியவர்களைப் பரிசோதித்தது. பத்தில் மூன்று பேருக்குப் பார்வைக் குறைபாடு. முதல் காரணம் புரை, இரண்டாவது சரியான கண்ணாடி இல்லாதது. இரண்டுமே தீர்க்கக்கூடியவை. அப்படியிருந்தும் அத்தனை பேர் மங்கலில் உட்கார்ந்திருந்தார்கள், ஏனென்றால் "வயசாயிற்று" என்ற ஒரு சொல்லே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது. அதே நிறுவனம் 1996க்கும் 2000க்கும் இடையில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் நடத்திய பெரிய ஆய்வில், பார்வையிழப்பில் ஏறத்தாழ 44 சதவீதத்துக்குக் காரணம் புரை. ஆண்களைவிடப் பெண்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். உங்கள் அம்மாவைப் போல் எத்தனை பேர் "போதும்" என்று சொல்லியிருப்பார்கள்!

"இனி எதற்கு?" என்று கேட்கும் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 தாண்டிய பெண்களைப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே அறுவை செய்தார்கள், மற்றவர்களைக் காத்திருக்க வைத்தார்கள். உடனே செய்தவர்கள் கீழே விழுவது 34 சதவீதம் குறைந்தது. 2005இல் வந்த முடிவு அது. 86 வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று அண்ணனுக்கே தெரியும். அமெரிக்காவின் சியாட்டிலில் முதியவர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், புரை எடுத்துக்கொண்டவர்களுக்கு மறதி நோய் சுமார் 30 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. புரை எடுத்ததால்தான் குறைந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, ஆனால் அலட்சியப்படுத்தும் எண்ணும் அல்ல.

ஸ்டென்டும் பி.பி.யும் பெரும்பாலும் தடையல்ல. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்துவிடுவார்கள், அன்றே வீட்டுக்கு வரலாம். இதய டாக்டரின் ஒப்புதலும், மல்லாந்து கொஞ்ச நேரம் அசையாமல் படுக்க முடியுமா என்ற சோதனையும் வேண்டும். அப்பாவுக்குத் தன் தட்டில் இருப்பது என்ன, எதிரே நிற்கும் பேரன் யார் என்று தெரியட்டும். அதற்கு வயது வரம்பு கிடையாது.

கேள்வி: எங்கே போவது? எல்லாம் பணம் கேட்கும் இடமாக இருக்கிறதே.

பதில்: மெஹதிப்பட்டினத்தில் சரோஜினி தேவி அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. பஞ்சாரா ஹில்ஸில் எல்.வி. பிரசாத் நிறுவனம், கட்ட முடியாதவர்களுக்குக் கட்டணமில்லாமல் பார்க்கிறது. டாக்டர் குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் 1987இல் தொடங்கியது. 'மனோகரா', 'மிஸ்ஸியம்மா' படங்களை எடுத்த அதே எல்.வி. பிரசாத் நிலமும் பணமும் தந்ததால் அவர் பெயர். ரயில்வே ஓய்வூதியக்காரர்கள் லாலாகூடா ரயில்வே ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கலாம். தெலங்கானா அரசு 2018லும் 2023லும் 'கண்டி வெலுகு' முகாம்களை நடத்தியது. அதில் கண்ணாடி வாங்கியதோடு நின்றுவிட்டவர்கள், "ஆபரேஷன் தேவை" என்று அட்டையில் எழுதியிருந்ததா என்று எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் ஆபரேஷன் கூடாதாமே? செய்துகொண்டால் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா?

பதில்: குளிர்காலத்தில் முகாம் போட்ட காலத்தின் பழக்கம் அது. இன்று பருவம் பார்க்க வேண்டியதில்லை, சர்க்கரையைப் பார்த்தால் போதும். எண்ணெய்க் குளியல் டாக்டர் சொல்லும் நாள் வரை வேண்டாம், சில வாரங்கள் ஆகும். கண்ணில் தண்ணீர் படாமல் கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். சொட்டு மருந்தைக் கை கழுவிவிட்டு, சொன்ன நேரத்தில் விடுங்கள். வலியோ சிவப்போ அதிகரித்தாலும், தெரிந்துகொண்டிருந்த பார்வை குறைந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். தீபாவளி நாளாக இருந்தாலும் அன்றே போய்க் காட்டுங்கள்.